குடிநோயாளி என்று சொல்ல எனக்கு நான்கு வாரம் ஆனது

காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்பேன் என்று அந்த அக்காவிடம் சொல்லியிருந்தேன். பத்தரை மணிக்குச் சிறப்பு நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொல்ல வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவான வழக்கு. அவர் மகனை அடித்தவர்களும் அதே பஸ்ஸில்தான் கோர்ட்டுக்கு வருவார்கள் என்பதால் நான் கூடவே போவதாக ஏற்பாடு. சாட்சிகளுக்குப் பாதுகாப்பும் பயணச் செலவும் தரவேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 15-ஏ பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைப் பற்றி எத்தனையோ பயிற்சி முகாம்களில் நான் வகுப்பு எடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் போகவில்லை. முதல்நாள் இரவு குடித்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அறையில் கிடந்தேன். பதினோரு மணிக்கு விழித்துப் பார்த்தால் போனில் 17 மிஸ்டு கால். அக்கா தனியாகவே போயிருக்கிறார். எதிர்த்தரப்பு ஆட்கள் நின்ற அதே வராந்தாவில் மதியம்வரை நின்றிருக்கிறார். வாய்தா போட்டு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் கூப்பிட்டு டைபாய்டு காய்ச்சல் என்று பொய் சொன்னேன். "உடம்பப் பாத்துக்க தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டு மறுபடியும் கடைக்குத்தான் போனேன்.

தோழர்களே, இந்தக் கட்டுரையின் கீழே என் பெயர் இருக்காது. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பெயர் இல்லை என்பதற்காக இந்தச் சம்பவத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் அது இன்னொரு டைபாய்டு காய்ச்சலாகிவிடும்.

நான் குடிப்பது இயக்கத்தில் யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் எல்லோரும் சேர்ந்துதான் குடித்தோம். உண்மை அறியும் குழுவில் போய், பிணவறை வாசலில் பகல் முழுக்க நின்று, பெற்றவர்களின் அழுகையை நோட்டில் எழுதிக்கொண்டு ராத்திரி லாட்ஜுக்குத் திரும்பினால், பையைக் கீழே வைப்பதற்குள் ஒருவர் காசு வசூலிக்க ஆரம்பித்துவிடுவார். வேண்டாம் என்பவரை "இவரு பெரிய புத்தரு" என்று கிண்டல் செய்வோம். மறுநாள் அந்தக் கொடுமையைப் பற்றி நாங்கள் தயாரிக்கும் அறிக்கை நன்றாகவே இருக்கும். அந்தக் கொடுமை எங்களுக்குள் என்ன செய்தது என்பதைப் பேச மட்டும் எங்களிடம் இடமே இருந்ததில்லை, குவார்ட்டர் பாட்டிலைத் தவிர.

பேசாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. "அவங்க குடிப்பாங்க" என்பது நம் மீது ஒட்டப்பட்ட பழைய லேபிள். வாடகைக்கு வீடு கேட்கும்போது அது வரும். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனால் "குடிச்சிட்டுத் தகராறுதானே" என்று வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, விற்றவன் யார், விற்கவிட்டவன் யார் என்ற கேள்வியைவிட "குடிச்சுச் செத்தவனுக்கு 10 லட்சமா?" என்ற கேள்விதான் டீக்கடைகளில் அதிகம் கேட்டது. ஊரில் எல்லாச் சாதியும் குடிக்கிறது. ஆனால் அவர்கள் குடித்தால் அது அந்த ஆளின் பழக்கம், நாம் குடித்தால் அது நம் சாதியின் குணம். இப்படி இருக்கும்போது, மேடையேறி இந்த லேபிளை எதிர்த்துப் பேசுகிற நானே "எனக்குக் குடியை விட முடியவில்லை" என்று எப்படிச் சொல்வேன்? எதிரி கையில் நானே கத்தியை எடுத்துக் கொடுப்பதுபோல இருந்தது.

என் அப்பா நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. சாக்கடைக்குள் இறங்குவதற்கு முன்னால் குடிப்பார். குடிக்காமல் அந்த நாற்றத்தில் கால் வைக்க முடியாது என்பார். மனிதர்களை அப்படி இறக்குவதற்கு எதிரான புதிய சட்டம் 2013இல் வந்தது. அப்பா அதற்கு முன்பே கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். எம்.ஏ. சமூகவியலில் நான் செய்த ஆய்வேடு துப்புரவுத் தொழிலாளர்களின் குடியைப் பற்றியதுதான். குடிக்குப் பின்னால் இருப்பது சாதியும் வேலையின் கொடுமையும் என்று அதில் நிறுவினேன். அதில் ஒரு வரியைக்கூட இன்றைக்கும் மாற்ற மாட்டேன். அதை பைண்டிங்குக்குக் கொடுத்த ராத்திரி நன்றாகக் குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்துவிட்டால் கை நடுக்கம் நின்றுவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாக நம்பிக்கொண்டேன்.

ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எனக்குப் புதிதல்ல. அதன் துண்டறிக்கைகளை வருடக்கணக்கில் பையில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுத்து வந்தவன் நான். அதன் கதையும் தெரியும். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்கு வியாபார வேலையாக வந்த பில் வில்சன், வந்த காரியம் கெட்டுப்போய் ஓட்டல் வரவேற்பறையில் நிற்கிறார். ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். பாருக்குப் போகாமல், தேவாலயங்களின் எண்களைப் பார்த்து வரிசையாகப் போன் போட்டு, "பேசுவதற்கு எனக்கு இன்னொரு குடிகாரர் வேண்டும்" என்று தேடுகிறார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப். இரண்டு குடிகாரர்கள் உட்கார்ந்து பேசிய அந்தப் பேச்சிலிருந்து தொடங்கியதுதான் ஏ.ஏ. பயிற்சிகளில் இதைக் கதையாகச் சொல்லிக் கைத்தட்டு வாங்கியிருக்கிறேன்.

எனக்காக அந்த எண்ணுக்குப் போன் செய்ய ஒரு வாரம் ஆனது. எடுத்தவர் பெயரைக் கேட்கவில்லை. "எந்த ஏரியா தம்பி?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். நம்மிடம் "எந்த ஏரியா?" என்று கேட்டால் அது சாதி கேட்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஊர் பெயர் சொன்னால் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று அடுத்து வரும். அரைமணி நேரம் கழித்துத்தான் புத்திக்கு எட்டியது, பக்கத்தில் எங்கே மீட்டிங் நடக்கிறது என்று சொல்வதற்காக அவர் கேட்டிருக்கிறார். மறுபடி அழைத்தேன். போன் ஏன் கட்டாச்சு என்றுகூடக் கேட்காமல் இடத்தையும் நேரத்தையும் சொன்னார்.

போனால் அங்கே மீட்டிங் இல்லை. ஒரு சர்ச் வளாகத்துப் பள்ளிக்கூடம். வாட்ச்மேன் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "குடிகாரங்க மீட்டிங்கா? அது செவ்வாக்கிழமைக்கு மாத்திட்டாங்க" என்றார். கேட்டுக்கு வெளியே பானிபூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், முதல்முறை கதவு பூட்டியிருக்கும், எண் மாறியிருக்கும், அறை மாறியிருக்கும். சின்ன ஊர்களில் வாரத்துக்கு ஒரு மீட்டிங்தான் இருக்கும், அதற்கும் பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கும். இரண்டாம் முறையும் போங்கள்.

செவ்வாய்க்கிழமை போனேன். ஐந்தாம் வகுப்பு அறை. முட்டி இடிக்கிற சின்ன பெஞ்சுகள், கரும்பலகையில் அழிக்காத பின்னக் கணக்கு. பதினொரு பேர். ஒருவர் பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தார். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லிவிட்டு ஐந்து பத்து நிமிடம் பேசினார்கள். பேசி முடித்ததும் யாரும் அறிவுரை சொல்லவில்லை, விவாதம் செய்யவில்லை. அடுத்தவர் தொடங்கினார். கடைசியில் ஒரு துணிப்பை வந்தது, இஷ்டப்பட்டவர்கள் பத்து இருபது போட்டார்கள். வாடகையும் டீயும் அதிலிருந்துதான். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களின் விதி. ரிஜிஸ்டர் இல்லை, கையெழுத்து இல்லை, போட்டோ இல்லை. கையெழுத்து வாங்காத ஒரு கூட்டத்தை என் வேலை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்கிற திறந்த மீட்டிங் அது. குடிப்பவர்கள் மட்டும் உட்காரும் மீட்டிங்குகள் தனி. அந்தச் சௌகரியத்தை நான் பயன்படுத்திக்கொண்டேன். என் முறை வந்தபோது, "நான் சமூகப் பணியாளர், எங்கள் ஆட்களை அனுப்புவதற்காகப் பார்க்க வந்தேன்" என்றேன். இரண்டாம் வாரமும் அதையே சொன்னேன். மூன்றாம் வாரம் டீ கொடுக்கும்போது, 14 வருடமாகக் குடிக்காமல் இருக்கும் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, சும்மா பாக்க வர்றவனுக்குக் கை இப்படி ஆடாது."

மறுநாள் காலை அவரே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனார். இதை மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தினமும் அதிகம் குடிக்கிற ஒருவர் வைராக்கியத்தில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் பிதற்றலாம், உயிரே போகலாம். "மனசு வெச்சா விட்டுடலாம்" என்று சொல்லி யாரையும் வீட்டு அறையில் போட்டுப் பூட்டாதீர்கள். மனநல மருத்துவர் முதலில், மீட்டிங் கூடவே. எனக்குச் சில நாட்கள் படுக்கை, மாத்திரை, வைட்டமின் பி1 ஊசி. அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, நான்காவது வாரம், என் பெயரைச் சொல்லி அந்த இன்னொரு சொல்லையும் சொன்னேன். அழுகை எதுவும் வரவில்லை. பெஞ்சில் முட்டி இடித்துக்கொண்டது, அதுதான் நினைவிருக்கிறது.

ஆனால் அவர்களின் முதல் படியில் நான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டேன். மதுவின் முன்னால் நாம் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வதுதான் அந்தப் படி. சிறு வயதிலிருந்து "நீ சக்தியற்றவன்" என்று சொல்லப்பட்ட ஒருவன், அது பொய் என்று நிரூபிப்பதற்காகவே படித்து, இயக்கத்துக்கு வந்து, அதிகாரம் பெறுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து தானாகவே "நான் சக்தியற்றவன்" என்று சொல்ல வேண்டும் என்கிறார்கள். இந்த வாசகத்தை எழுதியவர் சாதியை அனுபவித்தவர் இல்லை என்று அண்ணனிடம் சண்டை போட்டேன். அவர் அதிகம் படிக்காதவர். "கலெக்டர் முன்னாடி நீ சக்தியில்லாதவன்னு யார் சொன்னா? முதல் கிளாசுக்கு முன்னாடிதான். ரெண்டாவது கிளாஸ் வேணாம்னு என்னைக்காவது உன்னால சொல்ல முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்ததில்லை.

கடவுள் பிரச்சினையும் இருந்தது. பன்னிரண்டு படிகளில் கடவுள் பலமுறை வருகிறார், அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்ற அடைமொழியோடு. சிலர் மாதாவைச் சொன்னார்கள், சிலர் முருகனை. நம்பாதவர்கள் தங்களைவிடப் பெரிய சக்தியாக அந்தக் குழுவையே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. அம்பேத்கர் நமக்குத் திருப்பிக் கொடுத்த மூன்று சரணங்களில் மூன்றாவது சங்கம்தானே. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் மக்களோடு எடுத்துக்கொண்ட 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அதே அம்பேத்கரின் ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் ஃபெடரேஷன், முதல் பொதுத்தேர்தலுக்கான அறிக்கையில், வருவாய் இழப்பைச் சொல்லி அரசின் மதுவிலக்குக் கொள்கையை எதிர்த்திருந்தது. இரண்டையும் நான் முரண்பாடாகப் பார்ப்பதில்லை. அரசு தடியால் திணிக்கும் ஒழுக்கம் வேறு, ஒரு மக்கள்கூட்டம் தனக்குத்தானே, பக்கத்தில் நிற்பவரைச் சாட்சியாக வைத்து, எடுத்துக்கொள்ளும் உறுதி வேறு. இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். இருபது வயதில் அந்த உறுதிமொழிகளை நானும் படித்திருக்கிறேன், லாட்ஜ் அறையில் தனியாக.

இரண்டாவது மாத முடிவில் அந்த வார்த்தை வந்தது. ஐம்பதைத் தாண்டிய ஒருவர், நல்ல மனிதர், எனக்கு முதல்நாள் இடம் ஒதுக்கிக் கொடுத்தவர், தன் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை போனது, மனைவி போனது, ரோட்டில் விழுந்து கிடந்தது. "கடைசில சேரிக்காரன் மாதிரி ஆயிட்டேன்" என்றார்.

ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது, பேசி முடித்த பிறகும் அதற்குப் பதில் சொல்லக்கூடாது என்பது மீட்டிங் விதி. அந்த விதிதான் என்னை நான்கு வாரம் காப்பாற்றியது. அன்றைக்கு அதே விதி என் வாயை மூடியது. அவர் வாழ்க்கையில் விழுந்த கடைசிப் பள்ளம் எதுவோ அது எங்கள் தெரு. நான் பிறந்த இடம். டீ வருவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன்.

கால் தானாக டாஸ்மாக் கடை வாசலுக்குப் போனது. கையில் 200 ரூபாய். அங்கே நின்றுகொண்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். "அங்கயே நில்லு, உள்ள போவாத" என்றார். ஆட்டோ வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடம் எப்படிப் போனது என்று விவரிக்கத் தெரியவில்லை. அண்ணன் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது என்று எழுத ஆசைதான். தெரியும். நம் நாட்டில் தெரியாமல் இருக்க விடமாட்டார்கள். அவர் நம்மாள் இல்லை. கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்துவிட்டு, "அவன் சொன்னது தப்புதான். அதுக்கு நீ ஏன் குடிக்கணும்? உனக்கும் அஞ்சு நிமிஷம் இருக்கு. அடுத்த வாரம் சொல்லு" என்றார்.

அடுத்த வாரம் சொன்னேன். யாரையும் பார்க்காமல், கரும்பலகையைப் பார்த்துச் சொன்னேன். நான் சேரியில் பிறந்தவன். என் அப்பா அங்கேயே குடித்தார், என் அம்மா வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை, அவரும் அங்கேதான் இருக்கிறார். சேரி என்பது குடித்துக் கெட்டவர்கள் போய்ச் சேரும் இடமில்லை. போன வாரம் இங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன், குடிக்கவில்லை, நன்றி. இவ்வளவுதான். விதிப்படி யாரும் பதில் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குப் பிடித்ததா என்று கேட்டால், இல்லை. யாராவது ஏதாவது சொல்லியிருக்கலாம் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

அவர் அதற்குப் பிறகு இரண்டு வாரம் வரவில்லை. எனக்கு உள்ளே ஒரு திருப்தி இருந்ததை மறைக்க மாட்டேன். மூன்றாவது வாரம் அது பயமாக மாறியது. குடிக்கிறவன் மீட்டிங்குக்கு வராமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போன் செய்தேன். எடுத்தார். குடிக்கவில்லை. முட்டிவலி, டாக்டர், மகள் வீட்டு விசேஷம் என்று கால்மணி நேரம் பேசினார். அந்த வார்த்தையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த செவ்வாய் வந்தார். அதற்குப் பிறகு அந்த உவமையை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. அவர் மனசு மாறிவிட்டது என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. (இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "ஆள் தெரியாம எழுதுங்க" என்றார்.)

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் நாம் மட்டும் இல்லை. இனப்பிரிவினைக் கால அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தங்களுக்கான ஏ.ஏ. குழுக்களைத் தாங்களே தொடங்க வேண்டியிருந்தது. 1945இல் வாஷிங்டனில் தொடங்கிய அப்படியொரு குழுவில் முன்னின்றவர் ஒரு கறுப்பின மருத்துவர். பூர்வகுடி அமெரிக்கர்களுக்கு "குடிகார இந்தியன்" என்ற லேபிள் உண்டு, நமக்கு இருப்பதுபோலவே. மொஹிக்கன் இனத்தைச் சேர்ந்த டான் கோய்ஹிஸ் 1988இல் ஒயிட் பைசன் என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு பன்னிரண்டு படிகளைத் தங்கள் மக்களின் மருத்துவச் சக்கரத்தில் பொருத்தி, நிலம் பறிபோன வரலாற்றுக் காயத்தையும் சேர்த்துப் பேசும் வட்டங்களை உருவாக்கியது. குடியை விடுவதும் தங்கள் பண்பாட்டை மீட்பதும் அவர்களுக்கு ஒரே வேலை. இதைப் படித்தபோதுதான் நாமும் செய்யலாமே என்று தோன்றியது.

ஒன்பதாவது படி, யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் நேரில் போய் ஈடுசெய்வது. எட்டு மாதம் கழித்து அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். டைபாய்டு இல்லை, குடித்துவிட்டுக் கிடந்தேன் என்றேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. "அன்னைக்கே தெரியும். குரல் தெரியாதா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "குடிச்சதுகூடப் பரவால்ல. போன எடுத்து வரலன்னு சொல்லியிருந்தா எங்க அண்ணனையாவது கூட்டிட்டுப் போயிருப்பேன். அவனுங்க முன்னாடி தனியா நின்னேன்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அடுத்த வாய்தாவுக்கு நான் வரலாமா என்று கேட்டேன். வா என்றார். கிளம்பும்போது, "அந்த மீட்டிங்குக்கு எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போவியா?" என்று கேட்டார். டவுனுக்குப் போய்வர ஒருநாள் கூலி போய்விடும், பள்ளிக்கூட கேட்டில் வாட்ச்மேனும் இருப்பார். அவர் வரவில்லை.

அதனால்தான் காலனியில் தொடங்கினோம். இரண்டு மூன்று குடிநோயாளிகள் குடியை விடுவதற்காகக் கூடினாலே அதைக் குழு என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறது ஏ.ஏ. மரபு. வேறு எந்த அமைப்போடும் அது இணைந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அம்பேத்கர் இரவுப் பள்ளியின் அறையை எடுத்தோம். நம் இடம்தானே என்று சும்மா வாங்கவில்லை, மீட்டிங்குக்கு 50 ரூபாய் வாடகை கொடுக்கிறோம். அறைக்குள் கட்சி பேசுவதில்லை, கொடி வைப்பதில்லை. இது எனக்குச் சுலபமாக இல்லை. 1983இல் தொடங்கிய டாஸ்மாக் 2003இலிருந்து சில்லறை விற்பனை முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டு, இன்றைக்கு ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்குக் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் நம் தெருவின் கூலி எவ்வளவு என்று நான் வெளியே பேசுவேன், ஆர்ப்பாட்டத்துக்கும் போவேன். சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த அறைக்குள் வந்தால் எனக்கு இன்றைக்குக் குடிக்காமல் இருப்பது மட்டும்தான் வேலை. ஆர்ப்பாட்டம் என்னை ஒருநாளும் குடிக்காமல் வைத்திருந்ததில்லை. அந்த அறை வைத்திருக்கிறது.

இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். 2020இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏ.ஏ.யும் அதை நோக்கி அனுப்பும் சிகிச்சை முறைகளும் மற்ற முறைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ பலன் தருவதாகச் சொன்னது. ஆனாலும் சிலருக்கு மருந்து போதும், சிலருக்குக் கவுன்சலிங். பெண்களுக்கு இந்த மீட்டிங்குகளில் உட்கார்வது இன்னும் கடினம், பெரும்பாலும் ஆண்கள் கூட்டமாகவே இருக்கிறது. அதை நாங்கள் இன்னும் சரி செய்யவில்லை. குடிப்பவரின் குடும்பத்துக்கு அல்-அனான் என்று தனி மீட்டிங் உண்டு, என் அம்மாவை அனுப்பப் பார்த்தேன். "நீ குடிக்காம இரு, எனக்கு எந்த மீட்டிங்கும் வேணாம்" என்றுவிட்டார்.

உங்கள் விடுதியில், வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழர் குடித்துக் கொண்டிருந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், போதையில் இருக்கும்போது வேண்டாம். முதல் மீட்டிங்குக்குக் கூடவே போய் வெளியே உட்காருங்கள். அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலி-மானஸ் 14416. அப்புறம், உண்மை அறியும் குழு போய் வந்த ராத்திரி குவார்ட்டருக்கு வசூல் செய்யாதீர்கள். அன்றைக்குப் பார்த்ததைப் பற்றி ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுங்கள். எங்கள் குழுவில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். முதல்தடவை யாருக்கும் பேச்சு வரவில்லை.

என் பெயர் ஏன் இல்லை என்றால், பொதுவெளியில் எழுதும்போது உறுப்பினர்கள் தங்கள் அடையாளத்தைச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது ஏ.ஏ. மரபு. நாளைக்கு நான் மறுபடி குடித்தால் அதைக் காட்டி யாரும் மீட்டிங்கைக் குறை சொல்லக்கூடாது, குடிக்காமல் இருந்தால் அதை வைத்து நானும் பெயர் வாங்கக்கூடாது. என்னைத் தெரிந்தவர்களுக்கு இதைப் படித்ததும் தெரிந்துவிடும், அது பரவாயில்லை.

காலனி மீட்டிங் வியாழக்கிழமை. ஐந்தாறு பேர் வருகிறோம். அக்காவின் வீட்டுக்காரர் ஒரு வாரம் வருவார், இரண்டு வாரம் வரமாட்டார். டவுன் மீட்டிங்கில் அந்த வார்த்தையைச் சொன்னவர் இதுவரை இரண்டு முறை வந்திருக்கிறார். முதல் முறை டீ கொடுத்தபோது, சுகர் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். அவருக்குச் சுகர் இருப்பது உண்மைதான். இரண்டாம் முறை சர்க்கரை போடாமல் தனியாகப் போட்டுக் கொண்டுவந்து வைத்தோம். வாங்கிக்கொண்டார். சூடு அதிகம் என்று சொல்லிவிட்டு, ஆறும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.